போனில் பேசியதால் நீதிமன்ற ஆணை மாறாது: பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையைக் குறைக்க வழி என்ன?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள ஒரு தோட்டப்புற நகரத்திலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்துவிடக் கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

செம்பனை ஆலையில் பாய்லர்மேனாக வேலை செய்தவர். 2019இல் இவரும் மனைவியும் சேர்ந்து மனுப் போட்டு, ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்றார்கள். அப்போது மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. பிள்ளைகள் தாயாரிடம் இருப்பது, தலைக்கு 450 ரிங்கிட் வீதம் மாதம் 900 ரிங்கிட் தந்தை கொடுப்பது, ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகளைப் பார்ப்பது என்று ஆணை. ஓவர்டைமோடு மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வந்த காலம் அது. ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறார்.

பிறகு ஆலையில் கன்வேயரில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. சில மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தார், சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து பணம் வந்தது. திரும்பி வந்தபோது பாய்லர் வேலை இல்லை. லோரிகள் எடைபோடும் இடத்தில் சீட்டு எழுதும் வேலை கொடுத்தார்கள். ஓவர்டைம் கிடையாது, சம்பளம் 1,700 ரிங்கிட். முன்னாள் மனைவிக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னார். "பரவாயில்ல, இருக்கிறத போடுங்க" என்று அவர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினார். அன்றிலிருந்து மாதம் 500 ரிங்கிட் போட்டு வருகிறார். இப்போது 14 மாதம் கழித்து, மாதத்துக்கு 400 ரிங்கிட் வீதம் 5,600 ரிங்கிட் பாக்கி, 14 நாளில் கட்ட வேண்டும் என்று வழக்கறிஞர் கடிதம் வந்திருக்கிறது.

இதற்கிடையில் இருவருக்குமே மறுமணம் ஆகிவிட்டது. இவருக்கு ஒரு வயதில் குழந்தை. முன்னாள் மனைவி தொழிற்சாலையில் முன்பைவிட நல்ல சம்பளத்தில் இருக்கிறார். மகள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். மகனை எட்டு மாதமாகப் பார்க்க முடியவில்லை. "அவர்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டாரே, இனி அந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? மகளுக்கு 18 முடிந்துவிட்டதே? பையனைக் கண்ணிலேயே காட்டாதபோது நான் ஏன் கட்ட வேண்டும்? வேலையை விட்டுவிட்டால் என் சம்பளத்தில் கை வைக்க முடியாதாமே? என்னை ஜெயிலில் போடுவார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

ஐந்து வருடம் தவறாமல் கட்டியவர் நீங்கள். கையில் இரண்டு விரல் போன பிறகும், மாதம் ஐந்நூறு வெள்ளி போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அப்பாவின் கடிதம் இல்லை இது. ஆனால் கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கும் கேள்விகளில் சிலவற்றைக் காபிக்கடையில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவற்றை நம்பி நடந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

அந்த வாட்ஸ்அப் செய்தி

முதலில் பாக்கிக்கு வருகிறேன். மாதம் 900 என்று சொன்னது நீதிமன்றம். அதை 500 ஆக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. நீங்களும் அவரும் மனமொத்துப் பேசிக்கொண்டாலும், எழுத்தில் வைத்துக்கொண்டாலும், ஆணையில் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கும். விபத்து நடந்த மாதமே தானாகக் குறைந்துவிடுவதும் இல்லை. ஒவ்வொரு மாதமும் குறைந்த 400 ரிங்கிட் கடனாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோரும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை போனாலோ, சம்பளம் குறைந்தாலோ, நோய் வந்தாலோ, அந்த மாதமே மனுப் போடுங்கள். "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பாக்கி ஏறும். இனிமேல் குறைக்கச் சொல்லிக் கேட்பது ஒருவகையில் சுலபம். ஏற்கெனவே ஏறிவிட்ட பாக்கியை நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

அதற்காக அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஆணையை அது மாற்றாது என்றாலும், நீங்கள் மறைத்துக் குறைக்கவில்லை, கேட்டுச் சொல்லித்தான் குறைத்தீர்கள் என்று அது காட்டும். தேதியும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து அச்சிட்டு வையுங்கள். அந்த 14 மாதப் பேங்க் விவரத்தையும் எடுங்கள்.

"தீபாவளிக்குத் துணி எடுத்தேன், பள்ளிக்கூடக் காலணி வாங்கினேன், டியூஷனுக்குக் கட்டினேன், அதைக் கழிக்க மாட்டார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஆணை பணமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தால், வாங்கிக் கொடுத்த பொருளைத் தானாகக் கழித்துக்கொள்ள முடியாது. ரசீது இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், பாக்கியைப் பேசித் தீர்க்கும்போது உதவும். இனி எதையும் கையில் கொடுக்காதீர்கள், மகனிடமோ மாமாவிடமோ கொடுத்தும் அனுப்பாதீர்கள். பேங்க் வழியாக மட்டும் போடுங்கள். குறிப்புப் பகுதியில் "நஃப்கா அனாக்" (பிள்ளைப் பராமரிப்பு) என்று மாதத்தோடு எழுதுங்கள்.

காபிக்கடையில் சொன்னவை

நம்மில் இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு இந்த விஷயத்தில் அடிப்படை, 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம். சட்டம் 164 என்று சொல்வார்கள். பிள்ளைகளைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை, பிள்ளை யாரிடம் இருந்தாலும் அந்தக் கடமை உண்டு என்கிறது அதன் 92ஆம் பிரிவு. இருப்பிடம், உடை, உணவு, கல்வி எல்லாம் அதில் அடக்கம். அளவுகோல் அவரவர் வசதியும் நிலையும். சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கு நம் சட்டத்தில் கிடையாது.

உங்கள் முன்னாள் மனைவி மறுமணம் செய்தால் அவருக்கான ஜீவனாம்சம் நிற்கும். பிள்ளைகளின் பணம் நிற்காது. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். புது வீட்டுக்காரருக்குப் பொறுப்பே கிடையாதா என்றால், 99ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது. ஒருவர் வேறொருவரின் பிள்ளையைத் தம் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டால், பெற்ற தாயும் தந்தையும் செய்யத் தவறும் அளவுக்கு அவர் பராமரிக்க வேண்டும். ஆனால் அப்படிச் செலவழித்ததை அவர் பெற்றவர்களிடமிருந்து கடனாகத் திரும்ப வசூலிக்கலாம். ஆக, அவரைக் காட்டி நீங்கள் ஒதுங்க முடியாது.

முன்னாள் மனைவியின் சம்பளம் கூடியிருப்பது மட்டும் உண்மையிலேயே உங்களுக்கு உதவும் விஷயம். கடமை இருவருக்கும் உண்டு என்பதால், 2019இல் அவர் சம்பாதித்ததையும் இப்போது சம்பாதிப்பதையும் நீதிமன்றம் ஒப்பிட்டுப் பார்க்கும்.

மகளின் 18 வயது விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. உடல், மனக் குறை இல்லாத பிள்ளைக்கு 18 வயதோடு இந்தக் கடமை முடிகிறது, மேற்படிப்புச் செலவு அதில் சேராது என்று 2004இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு நாடாளுமன்றம் 2017இல் 95ஆம் பிரிவைத் திருத்தியது. அது 2018 டிசம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. இப்போது பிள்ளை மேற்படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தால், அது முடியும்வரை ஆணை நீடிக்கும். டிப்ளோமாவும் இதில் அடங்கும். இந்தத் திருத்தத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். 18 வயதுப் பிள்ளை பாலிடெக்னிக் ஹாஸ்டலில் காலடி வைக்கும் நேரத்தில் பணத்தை நிறுத்துவதைவிடக் கொடுமை இல்லை. தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் படிக்கப் போகும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் முதல் செமஸ்டரிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒன்று மட்டும் பாருங்கள். ஆணையின் வாசகத்தில் "18 வயது வரை" என்று குறிப்பாக எழுதியிருந்தால் அதற்கு வேறு விளைவு இருக்கலாம். அப்படியே இருந்தாலும், நீட்டிக்கச் சொல்லித் தாயார் மனுப் போட வழி உண்டு. ஆணையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் மகளின் பங்கை நிறுத்தாதீர்கள்.

மகனைப் பார்க்க விடாதது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று புரிகிறது. கடிதத்தில் அந்த இடத்தில் கையெழுத்தே மாறியிருக்கிறது. ஆனால் பார்க்கும் உரிமையும் பணமும் சட்டத்தில் தனித்தனி. அவர் ஞாயிற்றுக்கிழமைகளைத் தடுத்தால் அவர் ஆணையை மீறுகிறார். அதற்காக நீங்கள் பணத்தை நிறுத்தினால் நீங்களும் மீறுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் பையன்தான் நசுங்குவான். பார்க்கும் உரிமையை நிலைநாட்டவோ, நாளையும் நேரத்தையும் தெளிவாக்கவோ தனியாகக் கேட்கலாம். 14 வயதுப் பையன் என்பதால், அவன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்டுப் பார்க்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விடும் யோசனையை இன்றே கைவிடுங்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பராமரிப்புப் பணத்தை முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். அதிலிருந்து தப்ப வேலையை விட்டால், சம்பாதிக்க முடிந்தும் வேண்டுமென்றே சம்பாதிக்காதவர் என்றுதான் நீதிபதி எடுத்துக்கொள்வார். விபத்தால் சம்பளம் குறைந்தது என்ற உங்கள் வலுவான வாதம் அந்த நாளே செத்துப்போகும்.

ஜெயில் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் கடிதம் வந்ததும் போலீஸ் வந்து பிடித்துப்போகாது. ஆனால் கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே ஆணையை மீறியவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம், அதில் சிறைத் தண்டனையும் உண்டு. வசதி இல்லாததைக் காட்டி, முன்கூட்டியே நீதிமன்றத்தை நாடியவரின் நிலை வேறு. நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக இருக்க வேண்டும், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பது

உங்களுக்கு வழி திறந்து கொடுப்பது 96ஆம் பிரிவு. பிள்ளைகளின் பராமரிப்பு ஆணையை நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். இரண்டு காரணங்களில் ஒன்று வேண்டும்: ஆணை தவறான தகவலின் பேரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது சூழ்நிலை கணிசமாக மாறியிருக்க வேண்டும். "நானே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டதாச்சே, இனி வாய் திறக்க முடியுமா?" என்று தயங்கியிருக்கிறீர்கள். தாராளமாகத் திறக்கலாம். இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும், மாற்றக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தாலும், பிள்ளையின் நலனுக்காக மாற்றலாம் என்கிறது 97ஆம் பிரிவு.

இரண்டு விரல் இழப்பும் பாதியாகிப்போன சம்பளமும் கணிசமான மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணக்கைப் பாருங்கள். 1,700 ரிங்கிட்டில் ஊழியர் சேமநிதிக்கு (இ.பி.எஃப்.) 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகிறது. சொக்சோவும் பிடித்தால் கையில் வருவது 1,500 சொச்சம். அதில் 900 போனால் மிச்சம் 600. வீட்டு வாடகை, குழந்தையின் பால்மாவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதை நீதிபதிக்குப் புரியவைக்கப் பெரிய வாதம் தேவையில்லை, தாள்கள் போதும்.

மனு, ஆணை கொடுத்த அதே நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் ஈப்போ உயர் நீதிமன்றம், அதே வழக்கு எண். மனுவோடு மலாயில் எழுதிய சத்தியக் கூற்று இணைக்க வேண்டும். அதைப் பெசுருஹ்ஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். பிறகு மனுவை முன்னாள் மனைவிக்கு முறைப்படி சேர்ப்பிப்பார்கள், அவர் பதில் கூற்றுத் தாக்கல் செய்வார், அதன் பிறகு விசாரணை. இருவரும் புதுத் தொகையில் ஒத்துப்போனால் அதையே நீதிமன்ற ஆணையாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவர் ஒருமுறை "பரவாயில்ல" என்று சொன்னவர் என்பதால், இந்த வழியை முதலில் முயன்று பாருங்கள்.

சத்தியக் கூற்றில் இணைக்க வேண்டியவை: விபத்துக்கு முந்திய ஆறு மாதச் சம்பளச் சிலிப், இப்போதைய ஆறு மாதச் சிலிப், சேமநிதி அறிக்கை, மருத்துவமனை அறிக்கை, வேலை மாற்றிய ஆலைக் கடிதம், சொக்சோ கடிதங்கள், மாதச் செலவுப் பட்டியல். சேமநிதி அறிக்கையை லேசாக எண்ணிவிடாதீர்கள். மாதா மாதம் சந்தா எவ்வளவு இருந்து எவ்வளவாகக் குறைந்தது என்பது அதில் அச்சடித்தபடி இருக்கும், யாரும் மறுக்க முடியாது.

எதையும் மறைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். வேலை விபத்துக்கான மருத்துவ விடுப்புக் காலத்தில் சொக்சோ தினக்கூலிச் சராசரியில் 80 விழுக்காடு கொடுத்திருக்கும். நிரந்தர ஊனத்தை மருத்துவ வாரியம் மதிப்பிட்டு மொத்தப் பணமும் வரலாம். வந்ததையும், வரப்போவதையும், வாரயிறுதியில் பழுதுபார்க்கும் வேலை செய்து கிடைப்பதையும் எழுதுங்கள். தவறான தகவலால் கிடைத்த ஆணையை அதே 96ஆம் பிரிவின்படி பிறகு மாற்றிவிடலாம். சத்தியம் செய்து பொய் சொல்வது தனிக் குற்றம்.

எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்பது? 300 ஆக்குங்கள் என்று கேட்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். புதுக் குழந்தை உங்கள் செலவில் உண்மையான பாரம்தான், அதை நீதிமன்றத்தில் சொல்லலாம். ஆனால் புதுக் குடும்பம் வந்ததால் பழைய பிள்ளைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்ற தோற்றம் வரவே கூடாது. இப்போது நீங்கள் சிரமப்பட்டாவது கட்டிவரும் 500ஐ ஒட்டியே ஒரு தொகையை முன்வையுங்கள். சொக்சோ மதிப்பீடு முடிந்ததும் அல்லது சம்பளம் கூடியதும் மறுபரிசீலனை செய்யலாம் என்று நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள். மகளின் செமஸ்டர்க் கட்டணத்தில் ஒரு பங்கு ஏற்பதாகச் சொன்னால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நீங்கள் மனுப் போட்டால் எதிர்தரப்பும் கூட்டித் தரச் சொல்லி மனுப் போடலாம். 2019இல் 8 வயதுப் பையனுக்கு ஆன செலவும் 14 வயதுப் பையனுக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. நீதிமன்றம் நீங்கள் கேட்டதைவிடக் குறைவாகவே குறைக்கலாம். அப்படியிருந்தும் மனுப் போடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் சும்மா இருந்தால் மாதம் 400 ஏறுவது மட்டும் நிச்சயம்.

14 நாள் கெடு

அந்த வழக்கறிஞர் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்காதீர்கள். விபத்து, சம்பளக் குறைவு, மனுப் போடப்போவது மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி, பாக்கியைத் தவணையில் கட்ட ஒரு திட்டத்தை எழுத்தில் கொடுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், மகனைப் பற்றிய குற்றச்சாட்டும் வேண்டாம். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்று சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு, ஆனால் உங்கள் 14 மாதம் முழுதும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. சேமநிதியின் மூன்றாவது கணக்கான அக்காவுன் ஃப்ளெக்சிபலில் பணம் இருந்தால், அதிலிருந்து முதல் தவணையைக் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள். முதுமைக்கு வைத்த பணத்தில் கை வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனாலும் பாக்கியில் ஒரு பகுதியாவது கட்டிய பிறகு நீதிமன்றத்துக்குப் போவது உங்களுக்குப் பலம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் ஈப்போவில் உள்ள அரசாங்கச் சட்ட உதவித் துறைக்கு, அதாவது ஜாபாத்தான் பந்துவான் குவாமானுக்குப் போங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குக் குடும்ப வழக்குகளை அவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. ஐ.சி. (அடையாள அட்டை), ஆணையின் நகல், சம்பளச் சிலிப், வந்த கடிதம் நான்கையும் முதல் தடவையே எடுத்துப்போங்கள். எடைபோடும் வேலையில் ஒருநாள் விடுப்பு எடுத்து ஈப்போவுக்குப் போய், தாள் குறைந்து திரும்பி வருவது வீண் அலைச்சல்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கும் பராமரிப்புக் கேட்கும் உரிமை உண்டு. அதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்தை நாடலாம். இஸ்லாமியர்களுக்கு ஷரியா நீதிமன்றம், அங்கே விதிகள் வேறு.

கடைசியாக, "மகளை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்து அப்பா பக்கம் பேசச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், சகோதரரே. இந்த வழக்குக்கு அவள் சாட்சியம் தேவையில்லை, தாள்களே பேசும். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாலிடெக்னிக் கட்டண விவரம், ஹாஸ்டல் ரசீது ஆகியவற்றின் நகல். அதைக் கேட்கும்போது அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.